தருமபுரியில் வீட்டு நர்சிங்: அம்மாவோடு ஐந்து வாரம்

பிப்ரவரியில் அம்மா கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 71. தூக்கி நிறுத்தப் பார்த்தோம், நிற்க முடியவில்லை. படுக்க வைத்தபோது வலது கால் இடது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்ணெய்க் கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றார். நல்ல வேளை, தங்கச்சி அதற்குள் 108-க்குப் போன் போட்டிருந்தாள். தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. சேலத்தில் ஆபரேஷன், இடுப்பு மூட்டில் பந்துப் பகுதியை மட்டும் மாற்றி ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் டவுனில் சின்னதாக ஒரு பிரஸ் வைத்திருக்கிறேன். மாசி மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்கு மேல் இருந்தது. மனைவி பாலக்கோடு பக்கம் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாள். அதனால் வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு சேவையைப் பிடித்தோம். பெயரை எழுதப் போவதில்லை. முதல் பாதி மோசம், இரண்டாம் பாதி அருமை. இரண்டுமே ஒரே இடத்திலிருந்து வந்தவை. யாரை அனுப்புகிறார்கள் என்பதுதான் விஷயம்.

காலை 8 முதல் இரவு 8 வரை, ஒரு நாளைக்கு 900 ரூபாய். பத்து நாள் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். காற்றுப் படுக்கை, கமோடு சேர், வாக்கர் எல்லாம் தனி வாடகை. "நர்ஸ்தானே வருவாங்க?" என்று கேட்டேன். "ஆமாங்க சார், நர்ஸ்தான்" என்றார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

முதலில் வந்த பெண்ணுக்கு இருபத்தி இரண்டு வயது இருக்கும். தங்கமான பிள்ளை. அம்மாவுக்குத் தலை வாரிவிடும், சோறு பிசைந்து ஊட்டும், பெட்பேன் வைக்க முகம் சுளிக்காது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்பதாம் நாள் போர்வையை மாற்றும்போது நான்தான் பார்த்தேன். அம்மாவின் வலது குதிகாலில் எட்டணா அளவுக்குச் சிவப்பு. எத்தனை நாளாக இருந்ததோ தெரியாது. அந்தப் பெண்ணைக் கேட்டால், "கொசு கடிச்சிருக்கும்னு நெனச்சேன்ணா" என்றது. விசாரித்தால், சில மாதம் நோயாளி பராமரிப்புப் பயிற்சி எடுத்த உதவியாளர். நர்ஸ் கிடையாது. அலுவலகத்துக்குப் போன் போட்டு நன்றாகவே சத்தம் போட்டேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. உதவியாளரை அனுப்பிவிட்டு நர்சுக்கான காசு வாங்கியவர்கள் மேல்தான் கோபம். ஒரு நாளைக்கு 300 ரூபாய் வீதம் கழித்துக்கொண்டு, மறுநாளே வேறு ஒருவரை அனுப்பினார்கள்.

அடுத்து வந்த சிஸ்டருக்கு நாற்பது வயதிருக்கும். மூன்று வருட நர்சிங் டிப்ளமோ முடித்து, பல வருடம் எலும்பு வார்டில் வேலை பார்த்தவர். பையை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். அப்புறம் கட்டிலின் கால்மாட்டில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. "என்ன சிஸ்டர்?" என்றேன். "படுத்திருக்கிற விதத்தப் பாக்கறேண்ணா. ரெண்டு காலும் ஒரே நீளமா இருக்கா, பாதம் எந்தப் பக்கம் சாயுதுன்னு" என்றார். மாற்றிய மூட்டு நழுவினால் கால் மறுபடியும் குட்டையாகுமாம், பாதம் திரும்பிக்கொள்ளுமாம். அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

அப்புறம் குதிகால். சிவப்பின் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பயமில்லை. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் படி. அம்மாவுக்கு வெளுக்கவில்லை. உடனே ஒரு தலையணையை மடித்துக் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்தார். குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றது. காற்றுப் படுக்கை போட்டாச்சே என்று நாங்கள் அசட்டையாக இருந்திருக்கிறோம். காற்றுப் படுக்கை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், கால்களுக்கு நடுவே தலையணை இருக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். பத்தே நாளில் அந்தச் சிவப்பு போய்விட்டது.

காலை எப்படிச் சோதித்தார் என்பதையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் யாரையாவது படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உதவும். கட்டை விரல் நகத்தை அழுத்தி விட்டு, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டு, ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்தார். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பஞ்சால் தடவி, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். "பாதத்த உங்க மூஞ்சிப் பக்கம் இழுங்க" என்றார். இடுப்பு மூட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய நரம்பு ஓடுகிறது, அதற்கு அடிபட்டிருந்தால் பாதம் மேலே வராதாம். கடைசியாகத் தையல்காரர் மாதிரி இன்ச் டேப்பை எடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தார். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்தான். மூன்றைத் தாண்டினால், ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம் என்று உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தேய்த்துவிடக் கூடவே கூடாது என்று என் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். அதற்கு முந்தின வாரம் வரைக்கும் நாங்கள் தைலம் போட்டு அந்தக் காலை நீவிக்கொண்டிருந்தோம். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க். காலைக் கட்டிலில் நகர்த்த முடியும், தூக்க முடியாது என்றால் 2. தூக்கினால் 3. அவர் கையை வைத்துத் தடுத்தும் தூக்கினால் 4. அம்மா முதல் நாள் 2, நாலாம் வாரக் கடைசியில் 4. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு நேரம், படுத்த பக்கம், குதிகால், கெண்டைக்கால் அளவு, வலி பத்துக்கு எத்தனை, எத்தனை அடி நடந்தார் எல்லாம் எழுதி வைத்தார். ராத்திரி நான் வந்ததும் அந்த நோட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

எனக்கு மறக்க முடியாதது மூன்றாம் நாள். பேச்சுவாக்கில், "சின்ன வயசுல எந்தத் தண்ணிம்மா குடிச்சீங்க?" என்று கேட்டார். அம்மா பிறந்தது பென்னாகரம் பக்கம். "கெணத்துத் தண்ணிதான் கண்ணு, அப்புறம் போர் தண்ணி." சிஸ்டர் அம்மாவின் பல்லைப் பார்த்தார். பழுப்புக் கோடு. தாடையை நெஞ்சில் தொடச் சொன்னார், தொடவில்லை. கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார், பாதியிலேயே நின்றுவிட்டது. கழுத்து வலி, முதுகு விறைப்பு என்று அம்மா பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் வயசுக் கோளாறு என்றே விட்டிருந்தோம். அடுத்த செக்கப்பில் சிஸ்டர் சொன்னபடி டாக்டரிடம் கேட்டு முதுகெலும்பு எக்ஸ்ரே எடுத்தோம். ஃப்ளோரைடு பாதிப்பின் அடையாளம் இருக்கிறது என்றார்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தண்ணீர் விட்டார்கள். ஆனால் அம்மா அதற்கு முன் அறுபது வருடம் குடித்த தண்ணீர் எலும்பிலும் மூட்டு நார்களிலும் தங்கிவிட்டது. விறைத்த மூட்டை மருந்து கொடுத்து இளக்க முடியாது. என்றாலும் தெரிந்தது நல்லதாயிற்று. முதுகு வளையாதவரைத் தோளைப் பிடித்து முறுக்கித் திருப்பக் கூடாது, தோளும் இடுப்பும் ஒன்றாக வரும்படி கட்டை மாதிரி உருட்ட வேண்டும் என்று மறுநாளிலிருந்து முறையையே மாற்றினார் சிஸ்டர். அன்றிலிருந்து அம்மா திருப்பும்போது கத்துவது குறைந்தது.

தரையில் உட்காருவதற்குத்தான் தினமும் மல்லுக்கட்டு. அம்மாவுக்குத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, குத்துக்காலிடவே கூடாது. சிஸ்டர் கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினார். நாற்காலியில் தலையணை போட்டு, முழங்காலைவிட இடுப்பு மேலே இருக்கும்படி செய்தார். களி சாப்பிட மட்டும் அம்மா அடம் பிடித்தார். உயரமான ஸ்டூலில் தட்டை வைத்துக் கொடுத்துச் சமாளித்தோம். கேழ்வரகில் கால்சியம் நிறைய இருக்கிறது, 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். களியைத் தடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

குறை ஒன்று பாக்கி இருக்கிறது. வாடகைக்கு வந்த வாக்கரின் கால் ரப்பர் இரண்டு தேய்ந்து வழவழவென்று இருந்தது. சிமென்ட் தரையில் ஒரு நாள் சறுக்கியது, சிஸ்டர் பிடித்துக்கொண்டார். ஒருமுறை விழுந்து எலும்பு முறிந்தவருக்கு இப்படி ஒரு வாக்கரைக் கொடுப்பது பெரிய தப்பு. மெடிக்கல் கடையில் புது ரப்பர் வாங்கி நானே மாட்டினேன். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அந்த உயரத்துக்குக் கைப்பிடியை வைக்க வேண்டும் என்பதும் சிஸ்டர் சொல்லித்தான் தெரியும்.

ஐந்து வாரத்தில் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட ஆனது. அதற்கு மேல் முடியவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் எழுதிக் கொடுத்தோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருகிறார், காசு கிடையாது. சிஸ்டரின் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அவர் ஆரம்பித்தார்.

வீட்டுக்கு நர்ஸ் வைக்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் வருகிறவர் என்ன படித்திருக்கிறார் என்று கேளுங்கள், சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். முதல் நாள் அவர் குதிகாலைப் பார்க்கிறாரா என்று பக்கத்திலிருந்து கவனியுங்கள். முதலில் வந்த மாதிரி உதவியாளர் போதும் என்கிற வீடுகளும் இருக்கும், அதற்கு அந்தக் கூலி போதும். இரண்டாவது சிஸ்டருக்கு நான் 900-க்கு மேலும் கொடுப்பேன்.

அம்மா இப்போது வாக்கரோடு வாசல் வரை போகிறார். வாக்கரின் முன்கம்பியில் மஞ்சள் பை ஒன்று கட்டிவிட்டிருக்கிறோம். பால் பாக்கெட்டை அதில் போட்டுக்கொண்டு தானே உள்ளே வருகிறார்.