குறைத்த எடை திரும்பாமல் இருக்க: பேலியோவா, ஏழு மணிச் சாப்பாடா, கரண்டிக் கணக்கா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக எடையைக் குறைத்தோம். அண்ணன் பேலியோ, அதாவது சோறு, இட்லி மாதிரி மாவுச்சத்தை விட்டுவிட்டு மீன், கறி, முட்டை, காய் என்று சாப்பிடுவது. அண்ணி ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிப்பார். நான் சோற்றைக் கரண்டியில் எண்ணுகிறவன். குறைப்பதை எல்லாருமே செய்துவிட்டோம். அடுத்த நான்கு வருஷம் அது நின்றதா என்பதுதான் இங்கே பேச்சு.

வேகத்தில் பேலியோவை அடிக்க முடியாது. மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பில் அதோடு தங்கியிருக்கும் நீரும் வெளியேறுவதால் முதல் வாரமே எடை மெஷினில் முள் இறங்கும். காசிமேடு பக்கத்திலேயே இருப்பதால் அண்ணனுக்கு மீனுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஆடியில் அம்மன் கோயில் கூழ், கல்யாணப் பந்தி, இட்லிக்கு வடகறி என்று ஒவ்வொன்றுக்கும் ‘வேண்டாம்’ சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு வருஷம் சொன்னார். பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு தட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்ட அன்று, எல்லாம் போச்சு என்று மொத்தமாக விட்டுவிட்டார். குறைந்த 14 கிலோவில் 11 திரும்பி வந்தது.

அவரை யாரும் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். எடை இறங்கினால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறையும். ஒரு வருஷம் கழித்தும் அந்த நிலை மாறாததை 2011ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. மனசு மட்டும் போட்ட சண்டை இல்லை அது. இன்னொன்று, 2018ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருஷம் பார்த்தார்கள். சாப்பாட்டில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ இறங்கியது. பெரிய வித்தியாசமே இல்லை.

ஏழு மணிச் சாப்பாட்டுக்குக் காசும் கணக்கும் வேண்டாம். ராத்திரி நொறுக்குத் தீனி தானாகக் கழிந்துவிடும். வீட்டிலேயே தைக்கும் அண்ணிக்கு அது நன்றாகப் பொருந்தியது. எம்.சி. ரோடு துணிக்கடையில் ராத்திரி வரை நிற்பவருக்கும், துறைமுகத்தில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கும் எப்படி நடக்கும்? சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவே கூடாது.

கரண்டிக் கணக்கில் எதற்கும் தடையில்லை. மூன்று கரண்டிச் சோறு ஒன்றரை ஆனது. தட்டில் பாதி கீரையோ அவரைப் பொரியலோ, கால் பங்கு மீனோ சுண்டலோ. காயை முதலில் சாப்பிட்டுவிடுவேன். வாரநாளில் மீன் குழம்பில்தான். ஞாயிற்றுக்கிழமை வறுத்த வஞ்சிரம் ஒரே துண்டு. ஒன்பது கிலோ இறங்க ஒன்றரை வருஷம் ஆனது, அவசரக்காரர்களுக்கு இது சரிவராது. ஆனால் தவறினாலும் அடுத்த வேளையிலேயே சரிசெய்யலாம். சனிக்கிழமை காலையில் எடை பார்ப்பேன். இரண்டு கிலோ ஏறியிருந்தால் சாயங்கால பஜ்ஜி நிற்கும். அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு உண்டு. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருஷமாவது காத்தவர்களே அதில் சேரலாம். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், தினமும் சுமார் ஒரு மணி நேரம் நடை மாதிரி ஏதாவது செய்கிறார்கள்.

என் தேர்வு கரண்டிதான். முடிகிற நாளில் அண்ணியின் ஏழு மணியையும் சேர்த்துக்கொள்கிறேன். அண்ணனும் இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டார். இந்த ஆடியில் ஒரு சொம்புக் கூழை நெத்திலிக் கருவாட்டோடு குடித்தார், அன்று மதியம் சோறு வைத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை முள் நகரவில்லை.