கொல்லன் உலையில் சமையல்: இரண்டரை வருடம் சுற்றிய பிறகு

ப்ளோயரின் பேரிங் மாற்றிப் பூட்டிய கையோடு எழுதுகிறேன், விரலிடுக்கில் இன்னும் அழுக்கு போகவில்லை. தன் பட்டறை மூலையில் கிடக்கும் பழைய கை ப்ளோயரை, அதாவது கையால் சுற்றிக் காற்றூதும் விசிறியை வைத்து, என்னைப் போலத் தானும் ஒரு சமையல் அடுப்பு கட்டலாமா என்று நண்பன் கேட்டிருந்தான். அவனுக்குப் பதில்தான் இது. கொஞ்சம் எரிச்சலோடு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு தெரிந்ததுதான்: லாரி பிரேக் டிரம், அதன் அடியில் காற்றுக் குழாய், பக்கத்தில் கொல்லர்கள் சுற்றும் ப்ளோயர், மேலே கனமான இரும்பு வாணலி. எரிப்பது மரக்கரி மட்டும், நிலக்கரி போட்டால் கந்தக வாடை சாப்பாட்டில் ஏறும். டிரம்மை ஈரமாகவே தேய்த்துக் கழுவினேன், பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் காற்றடித்து ஊதவில்லை. துத்தநாகம் பூசிய குழாயைக் கழற்றிவிட்டுப் பூச்சில்லாத இரும்புக் குழாய் போட்டேன். அந்தப் பூச்சு எரிந்து வரும் புகையை இழுத்தால் ராத்திரிக்குள் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். அப்புறம், இதையெல்லாம் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கரிப் புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

சரி, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு தீ எனக்கு எந்த அடுப்பிலும் கிடைத்ததில்லை. கைப்பிடியை மெல்லச் சுற்றினால் கரி சிவந்து கிடக்கும், வேகமாக நாலு சுற்று சுற்றினால் நடுவில் வெளுத்துவிடும், கையை எடுத்தால் விசிறி மட்டும் தன் பாட்டுக்குக் கொஞ்ச நேரம் ஓடி அடங்கும், கூடவே தீயும் அடங்கும். காய்கறி வதக்குவதானால் அரை நிமிடம், தண்ணீர் விடாது, ஓரம் கருகியிருக்கும், உள்ளே கடித்தால் நறுக்கென்று இருக்கும். ஒருமுறை அலுமினியப் பாத்திரம் வைத்துவிட்டுப் பேச்சு மும்முரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை, பாத்திரத்தின் அடி கரிக்குள் சொட்டிவிட்டது. அலுமினியம் உருக 660 டிகிரி போதும், காற்று கொடுத்த கரி ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அது என் தப்பு, அடுப்பைச் சொல்லிப் பயனில்லை.

ஆனால் அந்த எண்ணெய்!

இந்தப் பழைய ப்ளோயர்களின் பல்சக்கரங்களுக்கு எண்ணெய் வேண்டும், ஆனால் பலவற்றில் தண்டு வெளியே வரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் வளையம், ஆயில் சீல் என்று ஒன்று கிடையாது. ஊற்ற வேண்டும், ஒழுகும், மறுபடி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. கொல்லருக்கு அது ஒரு குறையே இல்லை, காய்ச்சுகிற இரும்பு எண்ணெய் வாடை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பாது. எனக்கோ விசிறிப் பக்கம் கசியும் ஒவ்வொரு துளியும் காற்றோடு குழாய் வழியே போய், தீயில் விழுந்து, புகையாகி, வாணலிக்கு வந்து சேர்கிறது. முதல் மாதம் எதைச் சமைத்தாலும் பட்டறை மணம்.

முதலில் நான் போட்டது ஜிஎல்-5 என்ற வண்டிகளுக்கான கியர் ஆயில், அதன் நாற்றமே அதிலுள்ள கந்தகச் சேர்மானத்தால்தான், போதாததற்கு அது வெண்கலப் பல்சக்கரத்துக்கும் ஆகாது. சாப்பாட்டில்தானே கலக்கிறது என்று புத்திசாலித்தனமாகச் சமையல் எண்ணெய் ஊற்றினேன், சில வாரத்தில் அது அரக்கு மாதிரி இறுகி, கைப்பிடி அசையவே இல்லை, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்ட வேண்டியதாயிற்று. கிரீஸ் அடைத்தேன். ஒழுகவில்லை, ஆஹா என்றிருந்தேன். பல்சக்கரம் அதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் உலர்ந்தே ஓடியிருக்கிறது, இப்போது மாற்றிய பேரிங் அந்தக் கிரீஸ் தின்றதுதான். கடைசியில் உணவு இயந்திரங்களுக்கான, தப்பித்தவறி உணவில் பட்டாலும் பரவாயில்லை என்கிற எச்1 வகை எண்ணெய். அதுவும் ஒழுகுகிறது, நாற்றம் மட்டும் இல்லை.

ஓரளவு தீர்த்தது எண்ணெய் அல்ல, குழாய். ப்ளோயரைத் தள்ளி வைத்து, நடுவில் ‘T’ வடிவக் குழாய் இணைப்பு ஒன்றைப் போட்டு அதன் கீழ்வாயை மூடி வைத்தேன். துளிகள் அங்கே தேங்கும், வாரம் ஒருமுறை திறந்து வடிப்பேன். கியர் பெட்டியையும் நிரப்புவதில்லை, பல்லின் நுனி நனைந்தால் போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

இன்னொன்று, ஒரு கை சுற்ற வேண்டும், ஒரு கை கிளற வேண்டும், உப்புப் போட மூன்றாவது கை தேவை. தனியாகச் சமைப்பவருக்கு இது ஆகாது.

ஆகவே நண்பா, வேண்டாம். ஒரு நல்ல கேஸ் பர்னர் வாங்கிக்கொள், எண்ணெய் சொட்டாது, சுற்ற வேண்டியதில்லை, பாத்திரமும் பிழைக்கும். அப்புறம், அந்த மூலையில் கிடக்கும் ப்ளோயரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன், எனக்கு ஒரு வெண்கலச் சக்கரம் உதிரியாக வேண்டும்.