டோர்ச்சில வாற மினுங்கிற மோட் ஆபத்துக்கு உதவுமா? ரெண்டு டோர்ச் பாவிச்சுப் பாத்திட்டுச் சொல்றன்

போன மாரி தொடங்க முதல் டவுன்ல 3500 ரூபாய்க்கு ஒரு டோர்ச் வாங்கினன். பெட்டியில பெரிசா அஞ்சு மோட் எண்டு போட்டிருந்தது, கூடின வெளிச்சம், நடு வெளிச்சம், குறைஞ்ச வெளிச்சம், பிறகு ஸ்ட்ரோப் (படபடவெண்டு வேகமா மினுங்கிறது), எஸ்ஓஎஸ் (ஆபத்தில உதவி கேக்கிற மினுங்கல்). கடையில நிண்ட அண்ணா "கடலுக்குப் போறாக்களுக்கு இதுதான் தம்பி, ஆபத்தெண்டா இதப் போட்டு விட்டாக் காணும்" எண்டு சொல்லத்தான் எடுத்தன், ஏனெண்டா எங்கட சித்தப்பா திருகோணமலை உப்புவெளியில இருந்து ஃபைபர் போட்ல இரவுத் தொழிலுக்குப் போறவர், அவருக்குக் குடுக்கிற எண்ணம்தான்.

முதல் பிரச்சினை வீட்டிலயே வந்திட்டுது. இதுக்கு ஒரே ஒரு பட்டன், அதுவும் பின்பக்கம். அமத்த அமத்த அஞ்சு மோட்டும் வரிசையா வரும், நிப்பாட்டோணும் எண்டாலும் ஸ்ட்ரோப்பையும் எஸ்ஓஎஸ்ஸையும் தாண்டித்தான் போகோணும். மழைக்குக் கரண்ட் போன ஒரு இரவு, நான் வெளிச்சத்தக் குறைக்கப் போய் ஸ்ட்ரோப் விழுந்து, பக்கத்தில படுத்திருந்த அக்காட மகன்ட முகத்தில நேர அடிச்சுப் போட்டுது. பிள்ளைக்கு முந்தி வலிப்பு வந்தது, அக்கா பாஞ்சு வந்து கையால மறைச்சா. அவனுக்கு ஒண்டும் நடக்கேல்ல, ஆனா அவ பயந்தது நியாயம்தான். வலிப்பு இருக்கிற எல்லாருக்கும் இது வாறேல்ல, ஆனா வெளிச்சத்தால வலிப்பு வாற ஆக்கள் இருக்கினம், ஒரு செக்கனுக்கு 3 தொடக்கம் 30 தரம் வரைக்கும் மினுங்கிற லைட்தான் அவைக்குக் கூட ஆபத்து. டோர்ச் ஸ்ட்ரோப் அனேகமா அதுக்குள்ளதான் நிக்கும். சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில ஒரு அமத்தலில ஸ்ட்ரோப் வாற டோர்ச்சை வைக்காதேங்கோ, இத நான் கெஞ்சித்தான் கேக்கிறன்.

சரி, வீட்டுக்குத்தானே சரிவரேல்ல, கடலுக்கு உதவும் எண்டு நினைச்சு சித்தப்பாட்டயே குடுத்தன்.

ஆவணியில ஒரு இரவு நிலாவெளிப் பக்கம் எஞ்சின் நிண்டிட்டுது. ஃபோன்ல சார்ஜும் இல்ல. தூரத்தில ஒரு போட் போறதக் கண்டு சித்தப்பா எஸ்ஓஎஸ்ஸப் போட்டுப் பிடிச்சாராம், வந்த போட் திசைய மாத்தி விலத்திப் போட்டுது. கொஞ்சத்தால இன்னொண்டு வந்தது, அதுக்கு ஸ்ட்ரோப்ப அடிச்சார், அதுவும் விலத்திப் போட்டுது. மூண்டாவது போட் வரேக்க மனுசன் கோவத்தில மினுங்கிறத எல்லாம் விட்டிட்டு நிரந்தர வெளிச்சத்தில போட்டு, வெள்ளச் சேட்டைக் கழட்டித் துடுப்பில கட்டி, டோர்ச்சைத் தன்ட மேலயும் சேட்டு மேலயும் அடிச்சு மெதுவா ஆட்டினார். அந்த போட் நேர வந்து கயிறு போட்டு இழுத்துக் கொண்டு வந்து கரை சேத்தது.

விலத்திப் போன போட்காரரையும் அவருக்குத் தெரியும், எங்கட ஆக்கள்தான். அடுத்த நாள் கரையில தேத்தண்ணி குடிக்கேக்க கேட்டதுக்கு அவங்கள் சொன்னது, "மாமா நாங்கள் வலை லைட் எண்டல்லோ நினைச்சம், வலை புரோப்பெல்லர்ல சிக்குமெண்டு சுத்திப் போனம்". எங்கட பக்கம் இரவில விடுற வலையிட மிதப்பில மினுங்கிற சின்ன லைட் கட்டுறது உங்களுக்குத் தெரியும்தானே. அப்ப கடல்ல மினுங்கினா எங்கட ஆக்களுக்கு அதிட அர்த்தம் "கிட்ட வராத". பெட்டியில எஸ்ஓஎஸ் எண்டு அச்சடிச்சவனுக்கு இது எங்க தெரியப் போகுது. அண்டைக்கு முழுக்க நான் இதையேதான் யோசிச்சுக் கொண்டிருந்தன், சிக்னல் குடுக்கிறவன்ட கையில எவ்வளவு நல்ல சாமான் இருந்தாலும் பாக்கிறவனுக்கு விளங்கோணும், விளங்காட்டி அது உதவிய வரப்பண்ணாது, துரத்தி விடும்.

அதுக்காக எஸ்ஓஎஸ் பொய் எண்டு சொல்ல வரேல்ல. 1906ல பெர்லின்ல நடந்த ரேடியோத் தந்தி மாநாட்டில ஏத்துக்கொண்டது, 1908 ஜூலை 1ல இருந்து நடைமுறை. அது எந்தச் சொல்லிட சுருக்கமும் இல்ல, மூண்டு குட்டை மூண்டு நெட்டை மூண்டு குட்டை, பிழை விடாமப் பிடிக்கலாம் எண்டுதான் எடுத்தது. கப்பல் மோதாம இருக்கிறதுக்கான 1972 சர்வதேச விதியள்ல நாலாவது இணைப்பில ஆபத்து சிக்னல் லிஸ்ட் இருக்கு, எஸ்ஓஎஸ்ஸ எந்த வழியால காட்டினாலும் செல்லும் எண்டு அதில இருக்கு. அதே லிஸ்ட்டில ரெண்டு கையையும் பக்கவாட்டில நீட்டி மெதுவா ஏத்தி இறக்கிறதும் இருக்கு. எங்கட துறைமுகத்துக்குள்ள வாற கப்பல்காரனும் நேவியும் படிச்சவங்கள், அவங்களுக்கு விளங்கும். ஆனா ஸ்ட்ரோப்? அதே விதியள்ல 36வது விதி கவனத்த இழுக்க ஸ்ட்ரோப் மாதிரிக் கடுமையா மினுங்கிற லைட்டைத் தவிர்க்கச் சொல்லுது.

இந்த 3500 ரூபா டோர்ச் எஸ்ஓஎஸ்ஸையாவது ஒழுங்கா அடிக்குதா எண்டு பாக்க தம்பியை டச் பே கடற்கரையில ஒரு அந்தத்தில நிப்பாட்டி மற்ற அந்தத்தில இருந்து பாத்தன். ஒரு சுத்து ரெண்டு செக்கனுக்குள்ள முடியுது, குட்டையும் நெட்டையும் பிரிச்சு அறிய ஏலாது, சும்மா படபடவெண்டு அடிக்கிற மாதிரித்தான் இருக்கு. குட்டை ஒண்டுக்கு 0.2 செக்கன் வச்சாலும் ஒரு சுத்துக்கு அஞ்சு செக்கனுக்கு மேல வரோணும், அப்பதான் கண்ணுக்கு எட்டும்.

பிறகு வேற ஒண்டு 6800 ரூபாய்க்கு வாங்கினம், 18650 எண்டு சொல்ற, சார்ஜ் பண்ணிப் பாவிக்கிற பட்டரி போடுறது. ஒரு தரம் அமத்தினா எரியும், திரும்ப அமத்தினா நிக்கும், அமத்திப் பிடிச்சா வெளிச்சம் கூடிக் குறையும். மினுங்கிறது எல்லாம் மூண்டு தரம் டக் டக்கெண்டு அமத்தினாத்தான் வரும், தவறி வராது. எனக்கு இதில பிடிச்சதே அதுதான். எஸ்ஓஎஸ்ஸும் ஆறுதலா அடிக்குது. இன்னொரு மோட் இருக்கு, ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா மட்டும் மினுங்கும், அது எனக்கு எஸ்ஓஎஸ்ஸ விட உதவுது. போன கிழமை பின் வளவில மரம் முறிஞ்சு ஒழுங்கைக்குக் குறுக்க விழுந்தப்ப அதுக்குப் பக்கத்தில வச்சிட்டு வந்தன், மோட்டார் சைக்கிள்காரர் எல்லாம் தூரத்திலயே மெதுவாக்கினவை. உயிர்காப்பு அங்கியில வாற மினுங்கிற லைட்டையும் பாருங்கோ, நிமிசத்துக்கு 50 தொடக்கம் 70 தரம்தான் மினுங்கோணும், 8 மணித்தியாலம் நிண்டு பிடிக்கோணும் எண்டுதான் சர்வதேச விதி.

அப்ப டோர்ச் தானா அடிக்கிற எஸ்ஓஎஸ் எங்க உதவும் எண்டா, வெள்ளத்துக்குக் கூரையில ஏறி இருக்கிற ஆள் மணித்தியாலக் கணக்கா கையால அடிக்க ஏலாது, டோர்ச்சை வானத்தப் பாக்க வச்சிட்டு பிள்ளையைப் பிடிச்சுக் கொண்டு இருக்கலாம். எரியிற நேரத்தக் கணக்குப் பாத்தன், எஸ்ஓஎஸ் ஒரு சுத்தில பாதிக்குக் குறைவாத்தான் லைட் எரியுது, அதால பட்டரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் நிக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மாவலி ஆத்துத் தண்ணி ஏறுற இடத்தில இருக்கிற ஆக்களுக்கு இது சும்மா விசயம் இல்ல. ஆனா 117க்கும் (அனர்த்த முகாமைத்துவம்) 119க்கும் (பொலிஸ்) அடிச்சுச் சொல்லிப் போட்டுத்தான் இத வைக்கோணும், ஆள் கிட்ட வந்ததும் நிரந்தர வெளிச்சத்துக்கு மாத்துங்கோ, இல்லாட்டி வாறவன்ட கண்தான் கூசும்.

கந்தளாய் ரோட்டில இரவு பைக் நிண்டா ஸ்ட்ரோப்ப வாற லொறிக்கு அடிக்காதேங்கோ, ட்ரைவருக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தில நிக்கிறீங்கள் எண்டு மட்டுக்கட்ட ஏலாமப் போகும். வெளிச்சத்த பைக்கிலயும் உங்கட காலடியிலயும் அடிச்சா ஆள் நிக்கிறது தெரியும்.

சித்தப்பாவுக்கு இப்ப 6800 ரூபாக்காரன்தான், அதோட ஒரு விசிலையும் கட்டிக் குடுத்திருக்கிறன். எஸ்ஓஎஸ் எப்பிடி இருக்கும் எண்டு கரையில அவரோட நிக்கிற பொடியங்களுக்கு ரெண்டு நாள் போட்டுக் காட்டினம், வலை லைட்டுக்கும் அதுக்கும் வித்தியாசம் இப்ப அவங்கள் சொல்லுவாங்கள். பழைய டோர்ச்சை அக்கா வீட்டுக்குள்ள எடுக்க விடுறேல்ல, அது கோழிக்கூட்டுப் பக்கம் தொங்குது.