கைவாளா, லேசரா?

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை மரத் துண்டுகளைப் பொருத்திச் சேர்க்கும் புதிராக்கியபோது இரண்டு வழிகளையும் முயன்றேன். மெல்லிய அலகு பூட்டிய கைவாளில் விளிம்பு வெளுப்பாகவே வரும். ஒவ்வொரு நெளிவிலும் கையின் போக்குத் தெரியும், அது தனி அழகு. ஆனால் ஓரிடத்தில் தவறினால் பலகையே வீண்.

லேசருக்குக் கணினியில் வரைவதால் பிழையைத் திரையிலேயே திருத்தலாம். கதிர் எரித்து அகற்றும் கோடு ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர், அதைக் கணக்கில் எடுத்து வரைந்தால்தான் துண்டுகள் இறுகப் பிடிக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்த் தேயிலைக் கொழுந்துத் துண்டு ஒன்றை வெட்டினேன். தீக்குச்சிக் கனமே உள்ள காம்பு, உடையாமல் வந்தது! கைவாளில் அதை மூன்று முறை முறித்திருந்தேன். சிக்கலான வடிவத்துக்கு இனி எனக்கு லேசர்தான்.

லேசரில் விளிம்பு கருகும், காகித ஒட்டுநாடா ஒட்டி வெட்டினால் மேற்பரப்பில் புகைக்கறை குறையும். நுவரெலியா ஈரத்தில் பலகை உப்பும், எப்படி வெட்டினாலும் வார்னிஷ் பூசுங்கள்.