62,000 ரூபாய் போச்சு: பழைய வண்டிக்கு ரீகண்டிஷன் எஞ்சின் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோன வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. இன்னொருத்தர் இதில் மாட்டக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 2012 மாடல் டாடா ஏஸ், புகை விதிக் கணக்கில் பி.எஸ்.3. பொள்ளாச்சிப் பக்கம் தோப்புகளில் இளநீர் ஏற்றிக் கோயம்புத்தூரில் இறக்குவேன். நானே ஓனர், நானே டிரைவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கை, அதாவது எஞ்சினின் இரும்புக் கூட்டை, குத்திவிட்டது. மெக்கானிக் அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார், கட்டை விரல் நுழையும் ஓட்டை. சிலிண்டரைக் கடையும் போர் வேலை பார்த்தெல்லாம் சரிசெய்ய முடியாது என்றார். கம்பெனி எஞ்சின் விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு செயலியில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். "ரீகண்டிஷன் எஞ்சின், எல்லா மாடலுக்கும் பொருந்தும், 6 மாத வாரண்டி, பில் உண்டு, ஆர்.டி.ஓ. பேப்பர் நாங்களே செய்து தருவோம்." விலை 62,000. நேரில் போனேன். எஞ்சினை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, பேட்டரி, ரேடியேட்டர் எல்லாம் மாட்டித் தயாராக வைத்திருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. கடைக்காரர் சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, கொஞ்ச நேரம் கழித்து என் முன்னால் விரித்தார். லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். "பாத்துக்கங்ணா, புது வண்டி கூட இப்படி இருக்காது" என்றார். நான் போவதற்கு முன்பே எஞ்சின் சூடாக இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். முன்கூட்டியே எதற்காக ஓட்டிச் சூடேற்றினார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு அவர் கேட்ட ஒன்றில்தான் முழுசாக நம்பினேன். "ஆர்.சி. ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துட்டுப் போங்ணா, பேப்பர் வேலைக்கு வேணும்" என்றார். ஆர்.சி. கேட்கிற ஆள் முறையாகத்தான் செய்வார் என்று நினைத்துவிட்டேன். அட்வான்ஸ் 10,000 போனில் அனுப்பியிருந்தேன். மனைவியின் வளையலை அடகு வைத்து மிச்சம் 52,000-ஐக் கையில் கொடுத்தேன். பில் என்று மடித்துக் கொடுத்த சீட்டை வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். ஜி.எஸ்.டி. நம்பர் இல்லை, கடை முத்திரை இல்லை. "ஸ்கிராப் - 1" என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, "அது சும்மா எஸ்டிமேட்டுங்ணா, ஒரிஜினல் ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார்.

எஞ்சினை இறக்கி மாட்டும்போது மெக்கானிக் அண்ணன் ஒன்றைக் கவனித்தார். பி.எஸ்.3 எஞ்சினில் எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து இரண்டு போல்ட்டால் அடைத்திருந்தார்கள். கடைக்குப் போன் போட்டேன். "அதுல கார்பன்தான் பிடிக்கும், இல்லாட்டி மைலேஜ் நல்லா வரும்" என்றார். ஈ.ஜி.ஆர். இருப்பது மைலேஜுக்காக அல்ல, நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற நச்சு வாயுவைக் குறைக்க. டீசல் வண்டிக்குப் புகைச் சான்று கொடுக்கும் மிஷின் புகையின் அடர்த்தியை மட்டும்தான் அளக்கும், நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்காது. இந்தத் தகடு வேலை பிடிபடாமலே ஓடுவது அதனால்தான். வண்டிக்குள் உட்காரும் எஞ்சின் எல்லாம் அந்த வண்டியின் பி.எஸ். விதிக்குப் பொருந்திவிடாது. இதெல்லாம் எனக்குப் பணம் கொடுத்த பிறகுதான் தெரியவந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே தெரியாத அளவுக்குக் கரும்புகை. ஆயிலைத் திறந்துவிட்டால் தேன் மாதிரி நூலாக வழிகிறது. தேய்மானம் தெரியாமல் இருக்கக் கெட்டியான எதையோ ஊற்றியிருக்கிறார்கள் என்றார் அண்ணன். பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தியை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் கணக்கில் 65 வரை விடுவார்கள். எனக்கு 81 காட்டியது. டீசலைத் தெளிக்கும் நாசில், பம்ப் வேலைக்கு 8,500 தனியாகச் செலவு செய்துதான் சான்று வாங்கினேன். 62,000-க்கு மேல் இது.

கடைக்குப் போன் செய்தால் முதலில் "ஓனர் வெளியூர்". பிறகு "அடுத்த வாரம் ஆள் அனுப்பறோம்". அதற்கும் பிறகு "உங்க மெக்கானிக் கை வெச்சுட்டார், வாரண்டி செல்லாது". எஞ்சினை வண்டியில் மாட்ட மெக்கானிக் கை வைக்காமல் வேறு யார் வைப்பது? ஒரு நாள் நேரில் போனேன். டீ வாங்கிக் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, மணி ஆறானதும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். செயலிக்கு மூன்று முறை புகார் அனுப்பினேன். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் சேர்த்து வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்று மூன்று முறையும் ஒரே பதில். விளம்பரம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

இனி நேற்று நடந்தது. இன்ஸ்பெக்டர் எஞ்சின் நம்பர் மேல் இருந்த அழுக்கைத் துடைத்துவிட்டு, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். தாளில் எண்கள் கோணல் மாணலாக வந்தன. 7 மேலே ஏறி நிற்கிறது, 0 பாதிதான் பதிந்திருக்கிறது. சுற்றிலும் கிரைண்டர் ஓட்டிய கீறல். ஆர்.சி.யில் இருக்கிற அதே நம்பர்தான். நான் கொடுத்த ஜெராக்ஸைப் பார்த்து, இருந்த நம்பரை அழித்துவிட்டு என் பழைய நம்பரை அடித்திருக்கிறார்கள். "இது கம்பெனி பஞ்ச் இல்ல. திருட்டு வண்டி எஞ்சினா இருந்தா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். எனக்கு வாயே வரவில்லை. எஞ்சின் மாற்ற முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அனுமதி இல்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஓனருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று அவர்தான் சொன்னார். எனக்குச் சட்டம் தெரியாமல் போனது என் தப்பு, அதை மறைக்கவில்லை. நம்பரை அடித்தது நான் இல்லை.

இன்று காலை கடைக்காரர் சொன்னது: "நீங்க லோடு வண்டி ஓட்டறீங்க, வியாபாரத்துக்கு வாங்கினதுக்கு நுகர்வோர் கோர்ட் செல்லாது." இது பொய். சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். ஐந்து லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன், நாளை ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. ஆர்.டி.ஓ. அனுமதி கைக்கு வராமல் எஞ்சினைத் தொடாதீர்கள். எந்த வண்டியில் இருந்து இறக்கியது என்று கேளுங்கள், அதன் பேப்பர் இல்லாவிட்டால் கிளம்பிவிடுங்கள். எஞ்சின் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வேண்டும். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறும்வரை உட்காருங்கள், ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்தால்தான் புகை தெரியும். ஆர்.சி. ஜெராக்ஸைக் கடைக்காரர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரொக்கம் வேண்டாம். என் 52,000-க்கு இன்று ஒரு சாட்சி கிடையாது.

வண்டி ஷெட்டில் நிற்கிறது. தோப்புக்காரர் வேறு வண்டி பார்த்துவிட்டார். பஞ்ச் நம்பர் படம், தகடு படம், அந்தச் சீட்டு எல்லாம் என்னிடம் இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம் இதே மாதிரி எஞ்சின் வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.