என் மலைப்பாம்பின் உண்ணாவிரதம்: நான்கு ஆண்டு அனுபவம்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறோம். எங்கள் வீட்டு ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்குக் கீழே ஒரு தனி டப்பாவில் உறைந்த எலிகள் இருக்கின்றன. அவற்றைத் தின்ன வேண்டியவன் ஓர் ஆண் பால் பைத்தான் (ball python) வகை மலைப்பாம்பு. இங்கே ராயல் பைத்தான் என்பார்கள். கானா, டோகோ, பெனின் பக்கத்து இனம், விஷம் கிடையாது, முழுதாக வளர்ந்தாலும் ஐந்து அடியைத் தாண்டுவது அரிது. பரம சாது. சாப்பாட்டில் மட்டும் மகா பிடிவாதக்காரன்.

வாங்கி வந்தபோது எடை 310 கிராம். முதல் ஏழு வாரம் எதையும் தொடவில்லை. குற்றம் எலியிடம்தான் என்று நினைத்தேன். சின்ன எலி, பெரிய எலி, வெள்ளை எலி, பழுப்பு எலி, கோழிச்சாற்றில் முக்கிய எலி என்று மாற்றி மாற்றி, நிலாவைக் காட்டாத குறையாக ஊட்டப் பார்த்தேன். தினமும் பெட்டியைத் திறந்து மூக்கருகே ஆட்டினால் யாருக்குத்தான் பசிக்கும்?

தவறு முழுக்க என் ஏற்பாட்டில் இருந்தது. காட்டில் இவை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் முடங்கிக் கிடப்பவை. நானோ கூடத்தின் நடுவே நாற்புறமும் கண்ணாடிப் பெட்டி வைத்து, உள்ளே மண்டபம் போல ஒரே ஒரு மறைவிடம் கொடுத்திருந்தேன். சுவரில் ஒட்டிய வெப்பமானி 31 டிகிரி காட்டியது. உணர்முனையைத் தரையில் வைத்துப் பார்த்தால் 27. மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினேன். உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு நெருக்கமான இரண்டு மறைவிடங்களை, சூடான மூலையில் ஒன்றும் குளிர்ந்த மூலையில் ஒன்றுமாக வைத்தேன். தெர்மோஸ்டாட் பொருத்திச் சூடான பக்கத்துத் தரையை 32 டிகிரியில் நிறுத்தினேன். தண்ணீர் மாற்றுவதைத் தவிர, பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் இரவு தின்றுவிட்டான். இத்தனை ஆண்டுகளில் வாங்கிய சாமான்களில் முழுக் காசுக்கும் உழைத்தவை அந்த தெர்மோஸ்டாட்டும் ஒரு டிஜிட்டல் தராசும்தான்.

எலியைச் சூடாக்குவதிலும் பக்குவம் உண்டு. முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். மறுநாள் அந்தி சாய்ந்ததும் பையோடு வெந்நீரில் அரை மணி நேரம். பிறகு ஈரம் துடைத்து, தலைப்பக்கம் மட்டும் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு. மேலுதட்டிலுள்ள குழிகளால் வெப்பத்தை உணர்ந்து தாக்கும் பிராணி இது. ஆறிய எலி அதற்கு இரையாகவே படாது. நீளமான இடுக்கி அவசியம். சமையலறை இடுக்கியால் சமாளித்த நாளில் அவன் கவ்வியது என் கட்டைவிரலை. ஊசியால் குத்தியது போல வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

மூன்றாம் குளிர்காலத்தில் மறுபடியும் உண்ணாவிரதம். நவம்பரில் நிறுத்தியவன் பொங்கல் கழிந்தும் வாய் திறக்கவில்லை. "இன்றைக்கும் வேண்டாமாமா?" என்று மனைவி கேட்பாள், கேள்வியில் பாதி என்னைப் பற்றியது. இந்த முறை ஏற்பாட்டில் குறையில்லை. இனப்பெருக்கக் காலத்தில் வளர்ந்த ஆண்கள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. சிலர் உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடச் சொன்னார்கள். மூலையில் மாட்டிய எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும் என்பதால் மறுத்தேன். வாயைத் திறந்து திணிப்பதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வாரம் ஒருமுறை எடை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எலி, அவ்வளவுதான். 1,140 கிராமில் தொடங்கி மார்ச்சில் 1,065. பத்து சதவீதம் குறைந்தாலோ, மூச்சில் சத்தமோ வாயில் சளியோ தெரிந்தாலோ மருத்துவரிடம் போவதாக இருந்தேன்.

மார்ச் கடைசியில் கண்கள் நீலம் பாரித்து, தெளிந்து, சட்டையை ஒரே துண்டாக உரித்துப் போட்டான். நான்கு நாள் கழித்துக் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு எலியை நீட்டினேன். மறைவிடத்திலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. நாக்கு மெதுவாக நீண்டு மடங்கியது. கழுத்து வளைந்து பின்வாங்கியது. பிறகு நான் பார்த்தது, காலியான இடுக்கியையும் எலியைச் சுற்றிய மூன்று சுருளையும்தான்.

"தின்றுவிட்டானா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. எடை போட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. இரை எடுத்தபின் இரண்டு நாள் தொடக்கூடாது என்பதால் தராசை அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.