‘எல்லாப் பழைய சைக்கிளுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் பாட்டம் பிராக்கெட் டூல் செட்டை வாங்காதீர்கள்

ஒரு மாத ஓவர்டைம் பணம் முழுசும் போய்விட்டது. வயிறு எரிகிறது. இன்னொருத்தர் இதே குழியில் விழக்கூடாது என்றுதான் கையோடு எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய இங்கிலாந்து சைக்கிள். பாட்டம் பிராக்கெட்டில், அதாவது பெடல் கைகளை இணைக்கும் அச்சு சுழலும் இடத்தில், பால்ஸ் தனித்தனியாக இருக்கும் பழைய அமைப்பு. அந்தப் பால்ஸ் உருளும் கிண்ணம்தான் கப். வலது பக்கம் ஃபிக்ஸட் கப், இடது பக்கம் அட்ஜஸ்ட் செய்கிற கப், அதன் மேல் லாக் ரிங். இதற்கான டூல் இப்போது சாதாரணக் கடையில் கிடைப்பதில்லை. எல்லாரும் பெரிதாக நம்பும் ஒரு ஆன்லைன் தளத்தில் ‘பழைய சைக்கிள் அத்தனைக்கும் ஒரே செட்’ என்று போட்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கப்பைப் போட்டோ எடுத்து, அதன் இரண்டு தட்டை முகங்களுக்கு நடுவே 36 மில்லிமீட்டர் என்று அளவும் எழுதி, பிஎஸ்ஏ (இங்கிலாந்து அளவு) மரை என்றும் சொல்லிக் கேட்டேன். உடனே பதில்: “கண்டிப்பா செட் ஆகும் சார். இதே மாடலுக்குத்தான் நிறைய பேர் வாங்குறாங்க. நம்பி வாங்குங்க.” இவ்வளவு விவரம் சொல்லிக் கேட்டதற்கு இவ்வளவு உறுதியாகப் பதில் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வந்தது என்ன? மூன்று டூல். முதலாவது, வெளிப்பக்கம் இருபது பல் வெட்டிய சாக்கெட். அது புது சைக்கிளில் வரும் மூடிய கார்ட்ரிட்ஜுக்கானது. என் கப்பில் அந்தப் பல் உட்கார இடமே கிடையாது. இரண்டாவது, பின் ஸ்பேனர். இடது கப்பின் துளையில் வைத்துத் திருப்பியதும் ஒரு பின் வெண்ணெய் மாதிரி வளைந்துவிட்டது. மூன்றாவது, ஃபிக்ஸட் கப்பின் ஸ்பேனர். தகட்டை அச்சில் அடித்து வெட்டியது. வாயில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் 37 மில்லிமீட்டரைத் தொடுகிறது. ஃபிக்ஸட் கப்பின் தட்டை முகம் மெல்லிசு. ஸ்பேனர் இறுக்கமாக உட்காராவிட்டால் வழுக்கத்தான் செய்யும். வழுக்கியது. முகம் இரண்டும் மழுங்கி, பளபளவென்று ஒரு சுருள் இரும்பு கீழே விழுந்தது. இத்தனை வருஷம் தேயாமல் இருந்த கப்!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. விற்றவரிடம் கேட்டால், “யூஸ் பண்ணின டூலை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்.” யூஸ் பண்ணாமல் பொருந்துமா இல்லையா என்று எப்படித் தெரியும்? தளத்தில் புகார் கொடுத்தால், விற்றவரிடம் பேசுங்கள் என்கிறார்கள். அவரிடம் போனால், தளத்தில் கேளுங்கள் என்கிறார். இதில் உச்சம் எது தெரியுமா? “நீங்க தப்பா திருப்பியிருப்பீங்க. வலது கப்பையும் கடிகார முள்ளுக்கு எதிராத்தான் திருப்பணும்” என்று பாடம் எடுத்தார். பிஎஸ்ஏ சைக்கிளில் வலது கப் இடது மரை! கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். அவர் சொன்னபடி செய்தால் இன்னும் இறுகும். இதுகூடத் தெரியாதவர்தான் ‘கண்டிப்பா செட் ஆகும்’ என்று சொல்லி என் ஒரு மாத ஓவர்டைம் பணத்தை வாங்கினார். நான் எழுதிய விமர்சனமும் இப்போது அந்தப் பக்கத்தில் இல்லை.

கடைசியில் கப்பைக் கழற்றியது அந்த செட் இல்லை. ஷெல்டன் பிரவுன் என்ற சைக்கிள் மெக்கானிக் எழுதிவைத்த பழைய வழி. இடது கப்பையும் அச்சையும் எடுத்துவிட்டு, ஃபிக்ஸட் கப்பின் ஓட்டை வழியாகத் தடித்த போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, வாஷர் போட்டு உள்ளே நட்டால் பிடித்து இறுக்க வேண்டும். இறுக இறுக அது கப்பைக் கவ்வும். இடது மரை என்பதால் இறுக்குகிற திசையிலேயே கப்பும் கழன்று வரும். இடது கப்பை மட்டும் நண்பரின் நல்ல பின் ஸ்பேனரால் எடுத்தேன். ஆனால் மழுங்கிய கப் மழுங்கியதுதான். மாற்றுக் கப் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எந்த டூலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இருக்கிற கோபத்தில் முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்கள். உங்கள் சைக்கிள் எந்த மரை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலி, பிரெஞ்சு மரைகளில் வலது கப்பும் சாதாரண மரைதான், அங்கே திசை வேறு. பழைய ராலே கம்பெனி சைக்கிள்கள் பலவற்றில் அங்குலத்துக்கு 26 மரை, மற்ற இங்கிலாந்து சைக்கிள்களில் 24. அதனால் மாற்றுக் கப் வாங்கும்போதும் கவனம். ‘யுனிவர்சல்’ என்று போட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். ஸ்பேனர் வாயில் வெர்னியர் வைத்த போட்டோ கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கப்பில் வைத்துத் திருப்புவதற்கு முன்பே டூலை அளந்து பாருங்கள், அளவு தப்பாக இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.